வேறொரு கணினியிலிருந்து

சனிக்கிழமை, ஏழு நாற்பது.
துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வரிசை
திருவொற்றியூர் தாண்டி
எங்கள் யார்டு வாசலை அடைத்து நிற்கிறது.
உள்ளே நான்
'ஜூலை பேட்டா' என்ற கோப்பைப்
பதினோராவது முறை சொடுக்குகிறேன்.

எக்செல் திறக்கிறது, கோப்பு திறக்கவில்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று ஜன்னல்,
ஷட்டரை ஏற்றிவிட்டு
ஆள் எங்கோ போய்விட்ட கடை மாதிரி.

வெளியே டியூப்லைட் அடியில் பதினாறு டிரைவர்கள்.
"இன்னா மேடம், தொறக்கலியா?"
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டியப்பன்.
"செக்யூரிட்டி பிரச்சனை" என்கிறேன்.
எல்லோரும் வாட்ச்மேன் மோசஸைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.
"நான் இன்னாடா பண்ணேன்?" என்கிறார் மோசஸ்.

கோப்பை அனுப்பிய ஞானசுந்தரம்
வேலையை விட்டு ஓசூர் போய் இரண்டு வாரம்.
போன் போட்டேன். பின்னால் டிவி ஓடுகிறது.
"என் சிஸ்டத்துல தொறக்குதேம்மா."

கணினியை அணைத்துப் போட்டேன்.
பெயரை 'ஜூலை பேட்டா புதுசு' என்று மாற்றினேன்,
பெயர் மாற்றினால் தலையெழுத்து மாறும் என்பதுபோல.
டெஸ்க்டாப்பில் ஒரு நகல், டி டிரைவில் ஒரு நகல்.
இப்போது மூன்று கோப்புகள் திறக்க மறுக்கின்றன.

கடைசியில் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ்.
எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு எழுத்தில்:
இந்தக் கோப்பு வேறொரு கணினியிலிருந்து வந்தது,
இந்தக் கணினியின் பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டு முறை படித்தேன்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு ஏசி அறை.
என் பயோடேட்டாவில் மார்க்கையெல்லாம் கடந்து
முகவரியில் வந்து நின்ற ஒரு விரல்.
"வியாசர்பாடி" என்றார்,
கேள்விக்குறி போடாமல்.
"சொல்லி அனுப்புறோம்."
டிக் அடிக்க அங்கே கட்டம் எதுவும் இல்லை.

இங்கே இருந்தது, ஒரு குட்டிச் சதுரம்.
பக்கத்தில் 'அன்பிளாக்'.

உடனே அடித்துவிடவில்லை.
போன வருஷம் மணலியில் ஒரு யார்டு
பில் என்று வந்ததைத் திறந்து
எட்டு வருஷக் கணக்கை மொத்தமாகப் பறிகொடுத்தது.
சந்தேகத்துக்கும் சோறு போட்டவர்கள் இருக்கிறார்கள்.
அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.
ஞானசுந்தரம் ஆங்கிலத்தில் பேட்டாவுக்கு
எப்போதும் மூன்று டி போடுவார்.
மெயிலில் எண்ணினேன்.
மூன்று.

டிக்.
ஓகே.

மடமடவென்று வந்தன பதினாறு பெயர்கள்.
எட்டியப்பன், நடை ஒன்பது,
பேட்டா இவ்வளவு, முன்பணம் கழிவு இவ்வளவு.
ஜீரோ கேட் முன்னால் என்ஜினை அணைத்து
ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்த மணிநேரத்துக்கு
ஒரு பத்தியும் இல்லை.

சேர்க்கலாம் என்று பார்த்தேன்.
இந்தத் தாள் பாதுகாக்கப்பட்டது, கடவுச்சொல் தேவை என்றது.
அது முதலாளியிடம் இருக்கிறது.
அதற்கு எந்தப் பிராப்பர்ட்டீஸிலும் சதுரம் கிடையாது,
தேடிவிட்டேன்.

பிரிண்ட் எடுத்தேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
எட்டியப்பன், முப்பத்தோரு மணி.
மஸ்தான், இருபத்தாறு.
கையெழுத்துப் போட வந்த எட்டியப்பன்
அதன்மேல் விரலை வைத்தார்.
"இதுக்கு எவ்ளோ மேடம்?"
"ஒண்ணுமில்லண்ணே. எழுதி வச்சேன்."
"அப்போ அழிச்சிடாத" என்றார்.

ஒன்பதே கால்.
கோப்பைச் சேமித்து மண்ணடி ஆபீசுக்கு அனுப்பினேன்.
வெளியே வரிசை ஒரு லாரி நீளம் நகர்ந்து
மறுபடி நின்றது.

திங்கட்கிழமை காலை அங்கே ஒருவர் அதைச் சொடுக்குவார்.
சாம்பல் ஜன்னல் வரும்.
வேறொரு கணினியிலிருந்து வந்தது என்று
என்னைப் பற்றி அவரிடம் சொல்லும்.
பத்தரைக்கு போன் அடிக்கும்.
வலது சொடுக்குங்க சார், என்பேன்.
கீழே, கடைசி வரி.
கண்ணாடி போட்டுப் பாருங்க.